பச்சை தெரிந்தால் மட்டும் போதாது

செல் உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று பார்க்க லேபில் சாயம் போடுவோம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள்: "அக்கா, ட்ரிப்பான் ப்ளூ இருக்கும்போது இவ்வளவு விலைக்கு ஒளிரும் சாயம் எதுக்கு?" நியாயமான கேள்விதான். செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும், அதாவது பாஸேஜ் பண்ணும் நாட்களில், செத்த செல்லை நீலமாக்கும் ட்ரிப்பான் ப்ளூவைத்தான் நானும் எடுக்கிறேன். ஆனால் செல்லின் சவ்வு கெட்டதா என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லாது. எண்ணுவதற்குத் தாமதமானால் உயிருள்ள செல்லும் நீலமாகத் தொடங்கிவிடும்.

கால்சீன் ஏஎம் என்ற ஒளிரும் சாயம் அப்படியில்லை. குப்பியில் இருக்கும்வரை ஒளிராது. செல்லுக்குள் போனதும் எஸ்டரேஸ் நொதிகள் அதை வெட்டும். அப்போது கிடைக்கும் கால்சீன் 515 நானோமீட்டர் பக்கம் பச்சையாக ஒளிரும். சவ்வு நன்றாக இருந்தால் உள்ளேயே தங்கும். கூடவே போடும் புரோப்பிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் புகுந்து டிஎன்ஏவோடு ஒட்டிச் சிவப்பாகத் தெரியும்.

தொல்லை கழுவும்போது ஆரம்பிக்கிறது. செல் வளரும் திரவமான மீடியத்தில் கலந்திருக்கும் சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு. அதனால் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் விட்டுக் கழுவாமல் கால்சீன் போட்டால் வெளியிலேயே வெட்டுப்பட்டு, படம் முழுக்கப் பச்சை மூட்டம்தான். சரி, நன்றாகக் கழுவலாம் என்றால், செத்த செல்கள்தான் முதலில் தட்டைவிட்டுக் கழன்று மிதக்கும். மருந்து போட்ட வெல்லில் (தட்டில் உள்ள குழியில்) அந்த மீடியத்தை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதுபவர்கள் உண்டு! செத்தவை எல்லாம் குப்பைப் பாட்டிலில் அல்லவா கிடக்கின்றன? மிதப்பதைத் தனி ட்யூபில் பிடித்து, தட்டிலிருந்து செல்களைப் பிரிக்கும் ட்ரிப்சின் போட்டு எடுத்தவற்றோடு சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அதற்குப் பிறகுதான் சாயம் போடச் சொல்வேன்.

சில செல்கள் பச்சையும் காட்டாது, சிவப்பும் காட்டாது. மருந்துக்கு மசியாத புற்றுநோய் செல்களில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் நிறைய இருக்கும். கால்சீன் ஏஎம் வெட்டுப்படும் முன்பே அதை வெளியே தள்ளிவிடும். செல் உயிரோடுதான் இருக்கும், பார்க்க மங்கலாக இருக்கும். அதேபோல, அப்போப்டோசிஸ், அதாவது தன்னைத்தானே அழித்துக்கொள்வது, தொடங்கிய செல் பச்சையாகவே தெரியலாம். அதைப் பிடிக்க அனெக்சின் வி என்ற புரதத்தை வைத்துச் செய்யும் சோதனை வேண்டும்.

அப்புறம், 70 சதவீத மெத்தனாலில் கொன்ற செல்கள் ஒரு வெல், சாயமே போடாத செல்கள் ஒரு வெல், இரண்டும் தட்டில் கட்டாயம் இருக்கட்டும். கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு, அந்த வெல்களைப் பார்த்து எக்ஸ்போஷர் அளவை வையுங்கள். இல்லாவிட்டால் சாயமில்லாத வெல்லையும் கேமரா பளிச்சென்று பச்சையாக்கிக் காட்டும்.