ஹவானாவில் கடைசி மாலை

ஒருமைப்பாட்டுப் பயணம் எதுவாயினும் அதன் கடைசி மாலையில் குழுவினர் ஒன்றாக அமர்ந்து, மனத்தில் பட்டதை ஆளுக்குச் சில வார்த்தைகளில் சொல்வது எங்கள் அலுவலக வழக்கம். அமெரிக்க யூதர்கள் கியூபாவின் யூதச் சமூகத்தைச் சந்திக்கச் செல்லும் பயணங்களுக்கு ஏற்பாடு செய்யும் பிரிவில் வேலை பார்ப்பதால் அந்தப் பேச்சைக் குறிப்பெடுப்பது என் பொறுப்பு. இம்முறை ஹவானாவில் எடுத்த குறிப்புகளில், அங்குள்ளவர்களுக்கு நாம் நம்பிக்கை கொடுத்துவிட்டு வருகிறோம் என்ற பொருளில் பலர் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் அத்தீவில் ஏறத்தாழ 15,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். கடைகளும் தொழில்களும் அரசுடைமையானதும் அவர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட, எஞ்சியவர்கள், கடவுள் நம்பிக்கை உள்ளவருக்குக் கம்யூனிஸ்ட் கட்சியில் இடமில்லை என்றிருந்த காலத்திலும் தொழுகைக்கூடங்களை மூடவிடாமல் காத்து வந்தார்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆள் குறைந்த நாள்களில், யூதர்களின் வேதமான தோரா எழுதப்பட்ட சுருளையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டதை அங்குள்ள முதியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 1991இல் கட்சி அந்தத் தடையை நீக்கி, மறு ஆண்டு அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்ட காலத்தில்தான் 'ஜாயின்ட்' என்று அழைக்கப்படும் அமெரிக்க யூத உதவி அமைப்பு அங்கே வேரூன்றி வேலை செய்யத் தொடங்கியது. எங்களைப் போன்றோரின் மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கியது அதற்கும் பிறகு.

அந்தப் பெட்டிகள் திறக்கப்படும் இடம் ஹவானாவின் வெதாதோ பகுதியில் பெத் ஷாலோம் தொழுகைக்கூடத்திலுள்ள சிறிய மருந்தகம். பொறுப்பிலிருந்த பெண்மணி ஒவ்வோர் அட்டைப்பெட்டியையும் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்து, இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு பக்கமும் காய்ச்சல் மாத்திரைகளை மறுபக்கமும் அடுக்கினார். பாதி தீர்ந்த வைட்டமின் குப்பிகளை மட்டும், யார் கொண்டுவந்தது என்று கேட்காமல், மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். யூதரல்லாதவர்களும் அங்கே மருந்து வாங்கிச் செல்கிறார்கள். படம் எடுக்க வேண்டும், சிரியுங்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டபோது அவர் மறுக்கவில்லை; ஆனால் கை வேலையை நிறுத்தவுமில்லை.

கடைசி மாலைப் பேச்சில் இந்தப் பெண்மணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு வழிபாட்டை நடத்திய இளைஞரைப் பற்றியே பேச்சு நீண்டது. அவருடைய குரல் அப்படி. (வழிபாட்டுக்குப் பின் கிடைத்த கோழிக்கறிச் சாப்பாட்டுக்கு அங்குள்ளவர்கள் தந்த மதிப்பை நம்மவர்கள் கவனித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.) அந்த இளைஞர் இஸ்ரேலுக்குக் குடியேற விண்ணப்பித்திருக்கிறார். ஹீப்ரு கற்று வழிபாடு நடத்தும் அளவுக்கு வளர்ந்தவர்கள் இப்படிப் புறப்பட்டுப் போவதும், அவர்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்குவதும் அச்சமூகத்தின் ஓயாத வேலை. அடுத்த குழு போய்ச் சேரும்போது வரவேற்பவர் வேறொருவராக இருக்கலாம்.

ஆகவே பயண அறிக்கையில் இரண்டு பரிந்துரைகளை எழுதினேன். தேவையான மருந்துகள் என்று மருந்தகம் தரும் பட்டியல் பதிவுப் படிவத்துடனே பயணிகளுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே அங்கு சென்று பழகியவர்களுக்குக் குழுவில் முதலிடம் தர வேண்டும். முதலாவதை மேலாளர் உடனே ஏற்றுக்கொண்டார். புதியவர்கள்தான் திரும்பி வந்ததும் தாராளமாக நன்கொடை தருகிறார்கள் என்பதால் இரண்டாவது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.