மாட்டுப் பண்ணையோடு சாண எரிவாயு கலன்: கணக்கை ஸ்லரியிலிருந்து தொடங்குங்கள்

நம் குமரி மாவட்டத்தில் பால்மாடு வளர்ப்பவர்கள் சாண எரிவாயு கலன் கட்ட நினைத்ததும் கேட்பது, மாதம் எத்தனை சிலிண்டர் மிச்சமாகும் என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: தினமும் வெளியே வரும் ஸ்லரியை, அதாவது வாயு எடுத்தபின் மிஞ்சும் சாணக் கரைசலை, எங்கே விடப்போகிறீர்கள்?

20 கலப்பின மாடுகள் உள்ள பண்ணையை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கு 15 கிலோ வீதம் நாளொன்றுக்கு 300 கிலோ சாணம் விழும். அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்தால் 600 லிட்டர் கரைசல். கிலோ சாணத்துக்கு 40 லிட்டர் வாயு என்று வைத்தால் 12 கன மீட்டர் கிடைக்கும். அந்த வாயுவின் எடை 14 கிலோ அளவுதான். மீதமுள்ள 580 லிட்டருக்கும் மேலான ஸ்லரி அன்றன்றைக்கே வெளியேற்றுத் தொட்டிக்கு வந்துவிடும். கல்யாண வீடானாலும் அடைமழையானாலும் அது நிற்காது.

இதில் எவ்வளவு உரம் இருக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 0.3 சதவீதத்துக்குக் குறையாது. கலனுக்குள் போன தழைச்சத்து அழிவதில்லை, ஸ்லரியோடு வெளியே வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, ஆண்டுக்கு 350 கிலோ. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 560 கிராம் தழைச்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விட்டாலும், மிச்சம் 300 தென்னைக்குக் காணும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் நாலு ஏக்கருக்கு மேல். நம்மூரில் எத்தனை பேருக்கு ஒரே இடத்தில் நாலு ஏக்கர் விளை (தோட்டம்) இருக்கிறது? அரை ஏக்கரில் பண்ணை வைத்திருப்பவர், பக்கத்து விளைக்காரர்களிடம் முதலிலேயே பேசி வைப்பது நல்லது. தென்னை, வாழை வைத்திருப்பவர்கள் பீப்பாயில் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், பாதை மட்டும் வேண்டும்.

அடுத்தது மழை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை நாளில் ஸ்லரியை விளையில் விட்டால் வழிந்து ஓடையிலும் கிணற்றிலும்தான் சேரும். எனவே ஒரு மாத ஸ்லரியைத் தாங்கும் தொட்டி வேண்டும்: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். உள்ளே சிமெண்ட் பூச்சும் மேலே கூரையும் அவசியம். இடமில்லாதவர்கள் சருகோடு சேர்த்து மட்க வைக்கலாம். ரப்பர் இலை உதிரும் மாதங்களில் சருகைக் கூட்டி உலர்வாகச் சேமித்து வைத்து, குழியில் ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு ஸ்லரி என்று விட்டால் சருகு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சாக்கில் கட்டி விற்கவும் முடியும்.

கலனைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கு. தொழுவத்தை ஹோஸ் வைத்துக் கழுவி, கழுவிய அத்தனையையும் கலனுக்குள் விடுகிற வாய்க்கால் அமைப்பைப் பல இடங்களில் பார்க்கலாம். 300 கிலோ சாணத்தோடு 1,200 லிட்டர் கழுவுநீர் போனால் திடப்பொருள் 8 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டிய கரைசலில் மூன்றரைதான் இருக்கும். 40 நாள் உள்ளே தங்க வேண்டிய கரைசல் 16 நாளிலேயே வெளியே தள்ளப்படும். வாயு குறையும், பாதி செரிக்காத சாணம் நாற்றத்தோடு வரும், ஈ மொய்க்கும். நன்றாகச் செரித்த ஸ்லரியில் ஈ உட்காருவதில்லை. ஆகவே முதலில் சாணத்தை வாரி எடுங்கள், பிறகு கழுவுங்கள், கழுவுநீருக்குத் தனி வாய்க்கால் போடுங்கள். ஓட்டிலிருந்து விழும் மழைநீரும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. 150 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7,500 லிட்டர். பன்னிரண்டு நாள் கரைசலுக்குச் சமமான வெறும் தண்ணீர் ஒரே நாளில் உள்ளே போய்விடும்.

கலனின் அளவு இந்தக் கணக்கிலிருந்துதான் வரும். 600 லிட்டர் × 40 நாள் = 24 கன மீட்டர் செரிமானப் பகுதி. அதற்கு மேல் ஒரு நாள் வாயுவில் பாதியாவது நிற்க 5, 6 கன மீட்டர் இடம். நம் தட்பவெப்பத்தில் சூடேற்றும் கருவி எதுவும் தேவையில்லை, அது பெரிய அனுகூலம். என் கருத்து, நாளுக்கு 12 கன மீட்டர் வாயு தரும் ஒரே கலன் கட்டுவதை விட, 6 கன மீட்டர் வாயு தரும் இரண்டு தீனபந்து கலன் (செங்கல் கவிகை மூடிய வகை) கட்டுவது மேல். ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றது ஓடும்.

12 கன மீட்டர் வாயு ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமான சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை கன மீட்டர் போதும். பால் கேன் கழுவ 100 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சுட வைக்க இன்னொரு ஒன்றரை. மிச்சத்துக்கு வழி சொல்லாமல் பெரிய கலன் கட்டாதீர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் அறைக்கு விறகுக்குப் பதிலாகக் கொடுக்கலாம், பக்கத்து இரண்டு வீட்டுக்குக் குழாய் இழுக்கலாம். மின்சாரம் என்றால் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட்தான் எதிர்பார்க்க முடியும். இந்த அளவுப் பண்ணையில் இன்ஜின் பராமரிப்புக்கு அது கட்டாது. எரிக்காமல் திறந்துவிடும் சாண வாயுவிலுள்ள மீத்தேன், கரியமில வாயுவை விடப் பல மடங்கு புவியைச் சூடாக்கும். வாயு தேவைப்படாவிட்டால் பாதிச் சாணத்தை நேரே எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

இடம் தேர்வில் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளிப் போங்கள். வெயில் விழும் மேட்டு நிலம் நல்லது. வயலோரம், குளத்தோரம் நிலத்தடி நீர் மேலே இருக்கும், அங்கே காலியான கலனை நீர் அடியிலிருந்து தள்ளித் தளத்தைப் பிளந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மழைக்காலத்தில் கலனைக் காலி செய்யவே கூடாது. பலா, தென்னை வேர் எட்டாத தூரமும் பாருங்கள்.

கொத்தனார் வேலையில் உயிர்நிலை, கவிகையின் (கலனின் குவிந்த மேல்மூடியின்) உள்பூச்சு. செங்கல் வழியாக வாயு கசியும், அதனால் பல அடுக்காகப் பூசி, ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, காற்றழுத்தம் ஏற்றி, குழாயில் யூ வடிவ அழுத்தமானி மாட்டி ஒரு நாள் விடுங்கள். அழுத்தம் இறங்கினால் மேலே மண் மூடும் முன்பே சரிசெய்துவிடலாம்.

குழாயைக் கலன் பக்கமாகச் சரிவாக இறக்குங்கள், தாழ்ந்த இடத்தில் நீர் வடிப்பான் வையுங்கள். அடுப்பில் சுடர் துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். சிலிண்டர் அடுப்பு இதற்கு ஆகாது, சாண வாயுவுக்கான பெரிய துளையுள்ள பர்னர் வேண்டும். வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதால் பித்தளை வால்வு கறுத்து அரிக்கும். இரும்புத் துருவல் நிரப்பிய வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய துருவலை வெளியே கொட்டும்போது காற்றுப் பட்டுச் சூடேறித் தீப்பிடிக்கலாம், நனைத்த பிறகே கொட்டுங்கள்.

உள்ளே போகக் கூடாதவை: பினாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த நீர், மடிவீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் சாணம், மணல், தேங்காய்த் தும்பு, வைக்கோல். தும்பும் வைக்கோலும் மேலே ஏடாகக் கட்டி வாயுவை அடைத்துவிடும். மரச்சீனித் தோல், சோறு போன்றவற்றைக் கூடையாகக் கொட்டினால் கரைசல் புளித்துவிடும். ரப்பர் பால் உறைய வைத்த நீரும் அமிலம்தான். அதைக் கொஞ்சமாக விடலாம், ஆனால் கந்தக அமிலம் போட்டு உறைய வைத்த நீரை விடவே வேண்டாம். புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 6.8க்குக் கீழே காட்டினால் ஊற்றுவதை நிறுத்தி, ஓடுகிற கலனிலிருந்து ஸ்லரி கொண்டுவந்து சேருங்கள், குமிழி திரும்பியதும் பாதி அளவில் தொடங்குங்கள்.

வேலையை ஜனவரியில் தொடங்கி, ஜூன் மழைக்கு முன்னால் நிரப்பி முடிப்பது நம்மூருக்குப் பொருந்தும். முதல் நிரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஓடுகிற கலனின் ஸ்லரி இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் வாயு வரும். ஆரம்பத்தில் வருவது பெரும்பாலும் கரியமில வாயுவும் காற்றும், எரியாது, ஒன்றிரண்டு முறை வெளியே விட்டுவிடுங்கள். தீக்குச்சியைக் கலனின் குழாய் வாயில் காட்டவே கூடாது, அடுப்பில்தான் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். ஓடிய கலனுக்குள் முன்னேற்பாடு இல்லாமல் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். துப்புரவுக்கு பம்பு வைத்து ஸ்லரியை எடுத்து, ஊதுவிசிறியால் பல மணி நேரம் காற்றோட்டம் கொடுத்து, வாயுமானியில் பார்த்து, இடுப்புக் கயிறும் மேலே இரண்டு ஆளும் இருந்தால் மட்டுமே பயிற்சி பெற்றவர் இறங்கலாம்.