கோட்டை மைதானத்தில் முதலில் வாசித்தவர்

கொழிஞ்சாம்பாறையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறோம். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் இதுதான் வழக்கமான வேலை. எப்போதாவது ராக் கச்சேரியும் வரும். போன மாதம் பாலக்காடு கோட்டை மைதானத்தில் நடந்தது அப்படி ஒன்று.

இந்த மாதிரிக் கச்சேரிகளில் பெரிய குழுதான் முதலில் சவுண்ட் செக் (நிகழ்ச்சிக்கு முன் வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது) செய்யும், தொடக்கத்தில் வாசிப்பவர்கள் கடைசியில். கடைசியாக வைத்த அமைப்பை மாற்றாமல் நிகழ்ச்சியை ஆரம்பித்துவிடலாம் என்பதுதான் காரணம். பெரிய குழுவின் செக் இழுத்துக்கொண்டே போக, தொடக்கக் குழுவுக்குப் பத்து நிமிடம்கூட மிஞ்சவில்லை. மேடையின் முன்பக்கத்து ஒடுக்கமான இடத்தில் நின்றுதான் வாசிக்க வேண்டும்.

அந்தக் குழுவின் கிதார்காரர் சித்தூர்க்காரர், கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை. "அண்ணா, மானிட்டர்ல ட்ரம்ஸ் மட்டும் கொடுங்க. என் கிதார் எனக்கு ஆம்ப்லயே கேக்கும்" என்றார். மானிட்டர் என்பது வாசிப்பவருக்குக் கேட்க மேடையில் அவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர். அவ்வளவுதான் கேட்டார்.

ஒரு கிதார், அதன் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடல். பெடலை அவர் அணைக்கவே இல்லை. கிதாரில் இருக்கும் வால்யூம் குமிழைக் குறைத்தால் ஒலி தெளிகிறது, கூட்டினால் கொதிக்கிறது. அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையாண்ட வழி அது. சுண்டுவிரலால் குமிழைத் திருப்பியபடியே மெதுவாக ஆரம்பித்தார். கம்பியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது நாதஸ்வரம் மாதிரியே இருந்தது. வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

பாலக்காட்டுக் கூட்டத்துக்கு இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். கேரளத்துச் செண்டைக் கச்சேரியான தாயம்பகையில், மெதுவான பதிகாலத்தில் தொடங்கும் செண்டை வேகமான இரிகிடைக்கு வரும்வரை நின்று கேட்டுப் பழகிய ஜனம். அவசரப்படவில்லை, பெரிய குழுவின் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. வேகம் மாறும் இடத்தில் சரியாகக் கை உயர்ந்தது, விரல்கள் காற்றில் தாளம் போட்டன. அதைப் பார்த்துவிட்டு அவர் இன்னும் இரண்டு சுற்று நீட்டினார். எனக்கு மிக்ஸரில் கை நடுங்கிவிட்டது, சந்தோஷத்தில்.

1967 ஜூலையில் ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்காவில் மங்கீஸ் என்ற பாப் குழுவின் கச்சேரிச் சுற்றில் அவர்களுக்கு முன்னால் வாசித்தார். அந்தக் கூட்டம் மங்கீஸைக் கேட்டுத்தான் கத்தியது. சில நாட்களிலேயே அவர் அந்தச் சுற்றிலிருந்து விலகிவிட்டார். அதற்கு முந்தைய மாதம் மான்டரே இசை விழாவில் கிதாரைக் கொளுத்தி எல்லோரையும் வாயடைக்க வைத்த அதே மனிதர், அதே விரல்கள். முதலில் வாசிப்பவர் ஜெயிக்கப் பாதி அவர் கை, பாதி எதிரில் இருப்பவர்களின் காது என்று நான் நம்புகிறேன். கோட்டை மைதானத்தில் அந்தக் காது இருந்தது.

அப்புறம் பெரிய குழு ஏறியது. நல்ல கலைஞர்கள்தான், தப்பில்லாமல் வாசித்தார்கள். ஆனால் பின்னணி இசையைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு அதற்கேற்பப் போக வேண்டியிருந்தது. ஜனம் கை தட்டி ஒரு இடத்தை இன்னொரு தரம் கேட்டபோது குழுவால் நிற்க முடியவில்லை, பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பாதியிலேயே நிறையப் பேர் மேடைக்குப் பின்னால் வந்து, "ஆ ஆத்யம் வாயிச்ச சேட்டன் எவிடே?" (முதலில் வாசித்த அந்த அண்ணன் எங்கே?) என்று என்னிடம் விசாரித்தார்கள். அவர் அதற்குள் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். சித்தூரில் வரப்போகிற ஒரு நிகழ்ச்சிக்கும் நம் செட்தான். அங்கே அவருக்கு முழுதாக ஒரு மணி நேரமும், ஒழுங்கான சவுண்ட் செக்கும் வேண்டும் என்று நடத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டேன்.