நிமிடக் கணக்கு

சென்னையில் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் இளையோர் பிரிவில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிறகு இரண்டாம் அணியின் பொறுப்பை ஏற்று, மொத்தம் ஒன்பது பருவங்கள் வேலை பார்த்தேன். பருவத்திற்கு ஒன்றாக ஒன்பது நோட்டுகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. முதல் மூன்று நோட்டுகளைப் புரட்டினால் அம்புக்குறி போட்ட பயிற்சி வரைபடங்களும், பையன்களின் உயரம், எடை, முப்பது மீட்டர் ஓட்ட நேரம் போன்ற விவரங்களும் பக்கம் பக்கமாக இருக்கும். நான்காவது நோட்டிலிருந்து அவையெல்லாம் சுருங்கிப்போய், ஒவ்வொரு வாரமும் யார், எந்தப் போட்டியில், எத்தனை நிமிடம் ஆடினான் என்ற கணக்கே பெரும்பாலான பக்கங்களை அடைத்துக்கொள்கிறது. அந்த மாற்றத்திற்கு ஒரு பையன் காரணம்.

அவன் வியாசர்பாடிக்காரன். அந்தப் பகுதியில் கால்பந்து எப்படி ஊறிப்போயிருக்கிறது என்பதை வடசென்னையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அணிவரை சென்ற தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர்தான். முல்லை நகர் மைதானத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து ஆட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டபடி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நெரிசலில் வளர்ந்தவன் பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்துக்கொள்வான்; பார்க்காவிட்டால் யாராவது வந்து மோதுவார்கள். எங்கள் பையனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. இடது விங்கில் ஆடுவான். பதினேழரை வயதில் அவனை முதல் அணிக்கு உயர்த்தியபோது, எங்கள் பிரிவுக்கே பட்டம் கிடைத்ததுபோல் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அவனுடைய அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டி.வி.யில எப்ப சார் வருவான்?"

சில முறை வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தபடி. அந்தப் பருவம் முழுவதும் அவன் களத்தில் நின்றது இரண்டு போட்டிகளில், மொத்தம் 23 நிமிடங்கள். வாரத்தில் ஐந்து நாட்கள் மூத்த வீரர்களோடு பயிற்சி செய்தான், நல்ல சாப்பாடு சாப்பிட்டான், உடற்கூடத்தில் தோளும் தொடையும் திரண்டன. எங்கள் இரண்டாம் அணிக்காக ஆட அனுப்புங்கள் என்று கேட்டபோதெல்லாம், காயம் பட்டுவிட்டால் மாற்று வீரர் பட்டியலில் ஆள் குறையும் என்ற பதில் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் உயர்ந்துகொண்டிருந்தான். இரண்டு பருவங்கள் கழித்து அவன் எங்களிடம் திரும்பி வந்தபோது, கால் வேலைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. எப்போது உள்ளே வெட்டுவது, எப்போது பந்தைப் பின்னால் தட்டிவிட்டுக் காத்திருப்பது என்ற தீர்மானம் மட்டும் போயிருந்தது. பந்து வரும்முன் தலையைத் திருப்பும் பழக்கத்தையும் காணவில்லை. அதை யாரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை; பயிற்சிக் களத்தில் அவனைச் சுற்றியிருந்த ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்பது இரண்டு ஆண்டுகளாக அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால், பார்க்க வேண்டிய தேவையே எழாமல் போயிருக்கிறது.

பயிற்சியில் எதைக் கற்றுக்கொடுக்க முடியும், எதைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் நான் விசில் ஊதினால் எல்லாம் நின்றுவிடும். தவறை விளக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். போட்டியின் எழுபதாவது நிமிடத்தில், ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது, ஏற்கெனவே இரண்டு முறை கணுக்காலில் உதைத்த தடுப்பாட்டக்காரன் மறுபடியும் நெருங்கி வருகையில், மூச்சு வாங்கிக்கொண்டே எடுக்க வேண்டிய முடிவை எந்தப் பயிற்சியாலும் நடித்துக் காட்ட முடியாது. தவறு செய்துவிட்டு, அதே களத்தில் மீதி இருபது நிமிடம் நின்றாக வேண்டிய அவமானமும் பாடத்தின் ஒரு பகுதிதான். அந்த வயதில் ஆடாமல் போன நிமிடங்களைப் பிறகு சேர்த்து ஆடி ஈடுகட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நிமிடங்கள் கிடைக்காததற்குத் தலைமைப் பயிற்சியாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எங்கள் முதல் அணி ஆடிய இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியபோது எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 14 லீக் போட்டிகள். அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்துவிட்டது. பத்தே வாரம் நீடிக்கும் பருவத்தில் பதினெட்டு வயதுப் பையனைப் பழக்குவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? களத்தில் நிற்கும் பதினொருவரில் ஆறு பேர்வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்பது அப்போதைய விதி. அது 2017-18-இல் ஐந்தாகவும் 2021-22-இல் நான்காகவும் குறைந்தது. ஏழு இடங்கள் இந்தியர்களுக்கு என்றானபோது எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்தோம். ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நிலைபெற்ற இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்காரர்களுக்கே போயின. தோற்றாலும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படாத லீக்கில்கூட ஏன் இந்தப் பயம் என்று ஒருமுறை எங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்டேன். ஐரோப்பாவிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். அணி இறங்காது, நான் இறங்கிவிடுவேன் என்றார். அவருடைய ஒப்பந்தம் ஓராண்டுக்கானது.

அந்த ஆண்டுகளில் எங்களுக்கு ஆடிக் காட்டியே பாடம் சொன்ன அணி ஒன்று உண்டு. 2017-இல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டதுதான் ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அந்தப் போட்டித் தொடர் முடிந்த கையோடு, அந்தப் பையன்களில் பெரும்பாலோரை அப்படியே 'இந்தியன் ஏரோஸ்' என்ற பெயரில், நாட்டின் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் பெரியவர்களோடு மோதவிட்டது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. நவம்பர் மாதம் தங்கள் முதல் போட்டியிலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று அவர்கள் வென்றபோது எங்கள் ஊர்க்காரர்கள் வாயடைத்துப்போனார்கள். (அதே சென்னை சிட்டி அடுத்த பருவத்தில் ஐ-லீக் பட்டத்தையே வென்றது என்பது வேறு கதை.) பருவத்தின் முடிவில் ஏரோஸ் பட்டியலின் கடைசியில் இருந்தது. கடைசி இடம் என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம், அன்வர் அலி ஆகியோர் அந்த அணியில் தோற்றுத் தோற்று ஆடியவர்கள்தான். பின்னர் தேசிய அணியில் ஆடினார்கள். பதினெட்டு வயதில் அவர்களுக்குக் கிடைத்த முழுப் போட்டிகள் எங்கள் வியாசர்பாடிப் பையனுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022-இல் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு தவறும் செய்தோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் பதினான்கு வயதையொட்டித் திடீரென்று வளர்வார்கள், அந்த உச்ச ஆண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர்கூட உயரம் கூடும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். சிலருக்கு அது பன்னிரண்டில் வரும், சிலருக்குப் பதினாறில். ஆனால் சனிக்கிழமைப் போட்டியில் தோற்றுக்கொண்டிருக்கும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வராது. மீசை அரும்பியவன் பந்தைத் தட்டிவிட்டு ஓடினால் பிடிக்க ஆளில்லை என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். போதாக்குறைக்குப் போலி வயதுச் சான்றிதழ்களின் கதை. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கும் சோதனை வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியது. ஆனால் உண்மையாகவே பதினான்கு வயதான இருவரில் ஒருவன் ஆளாகவும் மற்றவன் குழந்தையாகவும் இருப்பதை எக்ஸ்ரேயால் சரிசெய்ய முடியாது. அதைப் பயிற்சியாளர்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நடுக்கள வீரன் ஒருவன் எங்கள் விடுதியில் இருந்தான். மணலில் ஆடிப் பழகிய கால்கள். ஈரத் தரையில் மற்றவர்கள் வழுக்கும்போது இவன் நிற்பான். பதினைந்து வயதிலும் பார்ப்பதற்குப் பதின்மூன்றுபோல் இருந்தான். அடுத்த பருவத்துப் பட்டியல் தயாரிக்கும் கூட்டத்தில் "உடல் வலு போதாது" என்று எழுதினேன். அவனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு நாகர்கோவில் ரயிலேறினான். மூன்று ஆண்டுகள் கழித்து, எழும்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரிப் போட்டியில் எதிரணியில் அவனைப் பார்த்தேன். என்னைவிட அரையடி உயரம். ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து கை கொடுத்தான். எனக்குத்தான் கையை நீட்டக் கூச்சமாக இருந்தது. அந்தக் கடற்கரையிலிருந்து வருபவர்கள் சற்றுப் பிந்தி மலர்வதற்கு எடுத்துக்காட்டு எங்கள் கண்முன்னே இருந்தது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்காக ஆடி நாடறிய வெளிப்பட்டது 2017-18 ஐ-லீக்கில். அப்போது அவருக்கு வயது 23. எங்கள் விதிப்படி என்றால் அவரைப் போன்ற ஒருவரை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவனையும் நிற்கவைத்தும் உட்காரவைத்தும் உயரம் அளந்து, யார் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று குறித்துவைத்தோம். வேகமாக வளர்பவனுக்குத் தாவும் பயிற்சிகளைக் குறைத்தோம். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேட்டில் வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால், முன்புபோல் 'சோம்பேறி' என்று திட்டாமல் பிசியோவிடம் அனுப்பினோம். வளரும் எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வரும் வலி அது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே அடங்கும். இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அளவுநாடாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நிமிடங்களைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது. 2017-18 முதல் சூப்பர் லீக் கழகங்களின் இரண்டாம் அணிகளுக்கு ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. 2022-இல் இளையோருக்கென்றே ரிலையன்ஸ் அறக்கட்டளையின் வளர்ச்சி லீக் கோவாவில் தொடங்கியது. இரண்டும் உதவின, ஆனால் போதவில்லை. ஆகவே பதினெட்டு வயதானவர்களைச் சென்னை லீக்கின் சீனியர் டிவிஷன் அணிகளுக்குச் சில மாதங்கள் லோனில் அனுப்பத் தொடங்கினோம். அங்கே ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடும் முப்பது வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுடைய வேகம் குறைந்திருக்கலாம். முழங்கையை எங்கே வைப்பது, நடுவரின் கண் எப்போது விலகும் என்பதில் அவர்களுக்கு நிகர் யாரும் இல்லை. ஒரு மாலை ஆட்டத்தில் எங்கள் சென்டர் பேக் ஒருவனை அப்படிப்பட்ட அண்ணன் ஒருவர் தொண்ணூறு நிமிடமும் ஜெர்சியைப் பிடித்து இழுத்தே திணறடித்தார். ஆட்டம் முடிந்தபின் அவரே அவனைத் தனியாக அழைத்து, தோளை எப்படித் திருப்பினால் பிடி நழுவும் என்று செய்துகாட்டினார். நான் ஒரு வருடம் சொல்லியும் ஏறாத பாடம் அது.

பெற்றோர்களுக்கு இதை விளங்கவைப்பது தனி வேலை. முதல் அணியின் சட்டை போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால் பெருமை, லீக் மைதானத்தில் முழு ஆட்டம் ஆடினால் அவமானம். ஒரு தந்தை, ஆட்டோ ஓட்டுபவர், சவாரியை விட்டுவிட்டு நேரே என் அறைக்கு வந்து, "பையன எறக்கிட்டீங்களா சார்? என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டார். நோட்டைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் அவன் ஆடிய நிமிடங்களைக் காட்டினேன். வண்டி ஓட்டக் கற்றவன் ஆறு மாதம் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், எந்த மைதானம், எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு போனார். எல்லோரும் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் மகன்களை வேறு கழகத்துக்கே அழைத்துச் சென்றார்கள்.

என் கடைசிப் பருவத்தில், பதினேழு வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். இருபதாவது நிமிடத்தில் கோல்கீப்பரிடமிருந்து பந்தை வாங்கி, நடுவில் நின்றவனுக்குக் குட்டைப் பாஸ் கொடுக்கப் பார்த்தான். எதிரணி முன்கள வீரன் இடையில் புகுந்து கோல் போட்டுவிட்டான். பெஞ்சிலிருந்து மாற்று வீரன் எழுந்து உடலைச் சூடேற்றத் தொடங்கினான், நான் சொல்லாமலே. பழைய வழக்கம் அது. அவனை உட்காரச் சொன்னேன். எழுபதாவது நிமிடம், அதே இடம், அதே பாஸ். இம்முறை பந்து யார் காலிலும் படாமல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் த்ரோவைக் கவனிக்கும்படி கையைக் காட்டினேன். ஆட்டத்தை 0-1 என்று தோற்றோம். அன்றிரவு நோட்டில் அவன் பெயருக்கு நேரே 90 என்று எழுதி, பக்கத்தில் "இரண்டு தவறு, ஒரே பாஸ், இரண்டாம் முறை கொடுப்பதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்த்தான்" என்றும் குறித்துவைத்தேன்.