சோளகத்தின் இரு கரைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு வீதியும் புகையிரதப் பாதையும் மட்டுமே இருக்கின்றன. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று நேராக எங்கள் கரையில் மோதுவதால், தண்டவாளத்தை ஒட்டிய பாறைகளில் அலை உடைந்து, அதன் உப்புத் தூவானம் யன்னற் கம்பி வரை வந்து படியும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில் இதே காற்றுக்குச் சோளகம் என்று பெயர். அங்கே அது நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை அடங்கிக் கிடக்கும். கொழும்பில் கடலை மூடிவிடும் காற்று அங்கே கடலைத் திறந்து வைக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலி வீதியிலிருந்து இரவு புறப்படும் பேருந்தில் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து குஞ்சியம்மாவின், அதாவது என் சித்தியின், வீட்டுக்குப் போகிறேன். மணற்காட்டுக்குத் தெற்கே, பனைகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது அந்த வளவு. அங்கே எந்த வேலையும் காற்றைக் கேட்டுத்தான் தொடங்கும். முற்றம் கூட்டுவதற்குக்கூடக் காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். எதிர்த்து நின்று கூட்டினால் மணல் முழுவதும் திண்ணைக்கே திரும்பி வந்துவிடும். "சோளகம் எழும்ப முன்னம் கூட்டி முடி, மோனை" என்று குஞ்சியம்மா அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவா. விடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் காற்று எழும்பிவிடும் என்பது அவவுக்குத் தெரியும்.

அதற்கும் முதல் வேலை பனம்பழம் பொறுக்குவது. இரவில் விழும் பழங்களின் சத்தத்தைப் படுத்திருந்தே எண்ணிக்கொள்வோம். மாடுகள் வந்து சூப்புவதற்கு முன்னர் கடகத்தை, அதாவது ஓலைப் பெட்டியை, எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பழத்தைக் கழுவி, தோலை உரித்து, சிறிது தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பு இல்லாமல் வடித்தெடுத்த களியைப் பாயில் ஊற்றிக் காயவிடுவதுதான் பினாட்டு. முதல் நாள் ஊற்றியது காய்ந்ததும் அதன் மேல் அடுத்த நாட் களி, அதற்கு மேல் இன்னொன்று என்று படலம் படலமாகத் தடிக்கும். பாய் கிடக்கும் பந்தலை ஒழுங்கையின் புழுதி எட்டாத பக்கத்தில், ஆனால் சோளகம் தாராளமாகப் படும் இடத்தில் நட வேண்டும். காற்று ஒரு நாள் ஓய்ந்தாலும் களி புளித்துவிடும் என்று குஞ்சியம்மா கவலைப்படுவா. அந்த நாட்களில் அவ புதுக் களி ஊற்றுவதில்லை. களி எடுத்த கொட்டைகள் எறியப்படுவதில்லை. அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண் மூடிவிட்டால், மாரி மழையில் முளைத்து, தை, மாசியில் கிழங்காகும். கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.

கருவாடு போடும் இடம் வளவின் கடற்பக்க மூலை. சோளகத்தில் மணம் கடலோடு போய்விடும் என்பதால் அந்த இடம். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் மாறும். ஈரக்காற்றும் மழையும் வந்தபின் கருவாடு போடுவதே அரிதாகிவிடும்.

காலை எட்டு மணியளவில் கரைவலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாக் குரல் கேட்கும். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலில் அரைவட்டமாகச் சுற்றிவந்து மறு கயிற்றைத் தள்ளி ஓரிடத்தில் கரைசேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இரண்டு அணிகளும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கிவர, கடைசியில் மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறும். கயிறு பிடித்துக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் கறிக்கு மீன் இல்லாமல் அனுப்பமாட்டார்கள். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரத்தைக் கொண்டு இழுக்கிறார்கள். அது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. ஒரு கயிற்றில் எத்தனை கைகள் இருந்தனவோ அத்தனை குடும்பங்களுக்குப் பங்கு போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் அள்ளுவது மாலை வேலை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் மணலுக்குள்ளும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கோட்பாட்டளவில், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் தாங்கி நிற்கும். ஆகவே மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் கீழேயிருந்து உப்பு வெகுவாக மேலேறிவிடும். பக்கத்து வளவில் மோட்டார் பூட்டிய பிறகு குஞ்சியம்மாவின் கிணறு கோடையில் சவர்க்கத் தொடங்கியது. குளிக்க, துவைக்க மட்டும் அந்தத் தண்ணீர். குடிப்பதற்கு ஊர் நல்லதண்ணிக் கிணற்றில் கப்பியால் அள்ளி, சைக்கிளின் இரு பக்கமும் கலன்களைக் கட்டிக்கொண்டு வருகிறோம். அந்தக் கிணற்றுக்கு மோட்டார் போடுவதில்லை என்று ஊரார் கூடி எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இம்முறை என் நாட்கள் பெரும்பாலும் வேலியடைப்பில் கழிந்தன. வெட்டிய பனையோலைகளை மிதித்துத் தட்டையாக்கி, மேலே பாரம் வைத்துச் சில நாள் விட்ட பிறகே அடைக்கலாம். நான் உள்ளே, சித்தப்பா வெளியே நின்றுகொண்டு, குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் மாறி மாறித் தள்ளினோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "இழு, விடு" என்ற குரல் மட்டுமே. வேலிக்கு உயிர்க்கம்பங்களாக நட்ட முள்முருங்கைக் கதியால்களில் வெட்டிய குழை ஆட்டுக்குப் போயிற்று. கழற்றிய பழைய ஓலை தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கப்பட்டது.

மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் முடிந்தன. கடற்பக்கம் அப்படியே நிற்கிறது. ஐப்பசி மழைக்கும் வாடைக்கும் முன்னர் அதை அடைக்காவிட்டால் மணல் கிணற்றடி வரைக்கும் ஏறும். செப்டெம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓலையை மிதித்து வைக்குமாறு நேற்றிரவு சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.