சாட்சியிடம் வரும் சமாதானப் பேச்சு

கொழும்பு புதுக்கடையில் நடக்கும் குற்ற வழக்குகளில் சாட்சி மனம் மாறுவது பெரும்பாலும் இரண்டு தவணைகளுக்கு, அதாவது வழக்கு அழைக்கப்படும் இரண்டு நாட்களுக்கு, நடுவில்தான். கத்தியோடு வருபவர்கள் குறைவு. பெரியப்பா முறையான ஒருவரோ வேலை தரும் முதலாளியோ வருவார். "தம்பி, மருந்துச் செலவை அவங்களே தருவாங்க, இனி ஏன் கோர்ட்டுக்கு அலையிறீங்க?" என்பார். கேட்பவருக்கு அது அக்கறையாகவே படும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 483ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலைச் சொல்கிறது. மிரட்டல் இல்லாமல் பணத்தோடு வருபவரை அதில் மடக்குவது கடினம். சாட்சிகளுக்கென்று தனிச் சட்டம் 2015இல்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2004 நவம்பரில், தன்னைச் சித்திரவதை செய்த பொலிஸாருக்கு எதிராக மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவிருந்த ஜெரால்ட் பெரேரா பேருந்தில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார். 2015இன் சட்டத்துக்குப் பதிலாக இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இலாபம் காட்டி வாயை அடைப்பதும் இதன்படி குற்றம். சிறு காயம் போன்ற வழக்குகளை நீதிமன்றத்திலேயே சமாதானமாக முடிக்கச் சட்டம் இடம் தருகிறது. சட்டப்படியான அந்தச் சமாதானத்தையும் பணம் தந்து வாயை அடைப்பதையும் குடும்பங்கள் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன.

சட்டத்தில் குறைவில்லை. கோளாறு பொலிஸில் கொடுக்கும் முறைப்பாட்டில்தான். "மிரட்டினார்" என்று ஒரு சொல்லை எழுதி வைத்தால் அது எதற்கும் உதவாது. சொன்ன வார்த்தைகள் சொன்ன மொழியிலேயே, நேரம், இடம், அழைப்பு வந்த இலக்கம், பக்கத்தில் நின்றவர், அடுத்த தவணைத் திகதி எல்லாம் பதிவாக வேண்டும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால் விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் இடம் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதைக் கேட்காமலே கையெழுத்து வைப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. சாட்சி வெள்ளவத்தையில் முறையிடுவார். வழக்கை நடத்துவது புறக்கோட்டைப் பொலிஸ். இரண்டுக்கும் தொடர்பிருக்காது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், 14ஆம் பிரிவில், சாட்சிகளில் தலையிடுவதைப் பிணை மறுக்கவும் கொடுத்த பிணையை இரத்துச் செய்யவும் காரணமாக ஏற்கிறது. ஆனால் இரத்துச் செய்யக் கோரி விண்ணப்பிக்க வேண்டியவர் பொலிஸ் அதிகாரி. வழக்கைக் கையாளும் அதிகாரிக்கு முறைப்பாடு தெரியாவிட்டால் அந்த விண்ணப்பம் எங்கிருந்து வரும்? முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு வாங்கி, வழக்கை நடத்தும் நிலையத்துக்கும் சட்டத்தரணிக்கும் அன்றைக்கே கொடுப்பது நல்லது.

பயந்த சாட்சி மன்றில் கதையை மாற்றினால் அடி அவருக்கே விழும். சாட்சியங்கள் கட்டளைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின் கீழ், மன்றின் அனுமதியோடு, அழைத்த தரப்பே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பொய்ச் சாட்சிக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 190ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. மிரட்டியவர் வெளியே இருக்க, மிரட்டப்பட்டவர் கூண்டில் தடுமாறுவது இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய பக்கம் என்றே சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. சிசிடிவியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது தானாக ஏறிவிடும், அது குற்றமல்ல. குற்றவாளியைக் காப்பாற்றவென்று வேண்டுமென்றே அழித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவின்படி குற்றம். பதிவைப் பிரதி எடுத்துப் பொலிஸுக்குக் கொடுக்கும்போது, ஒப்படைத்த திகதியோடு கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.