அந்த ரெண்டு நாள் அழுததாலயா மேடம்?

கேட்கும்போது அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மதுரையில் குழந்தையின்மை சிகிச்சைக்கு வருகிற பெண்களைச் சனிக்கிழமை தோறும் உட்கார வைத்துப் பேசுகிற ஒரு கவுன்சலிங் குரூப்பை நான் நடத்துகிறேன், அங்கேதான் கேட்டார். நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார். நான் கொடுத்த நோட்டுதான். நாளுக்கு ஒரு கட்டம், காலையில் மூச்சுப்பயிற்சி செய்தால் ஒரு டிக், ராத்திரி செய்தால் இன்னொன்று. கருப்பையில் கரு வைத்த நாளிலிருந்து பீட்டா (கரு தங்கியதா என்று சொல்கிற ரத்தப் பரிசோதனை) பார்க்கிற நாள்வரை 14 கட்டங்கள். 12-ல் நீல மையில் டிக் இருந்தது. ஒன்பதாவதையும் பத்தாவதையும் சிவப்பில் சுற்றி வைத்திருந்தார்.

"நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து மேடம். எங்க வீட்டுக்காரர்தானே தாய்மாமன், அவர் மடியிலதான் பிள்ளைய உட்கார வைக்கணும். நான் அவர் பக்கத்துல போய் உட்காரப் போனேன். அத்தை வந்து, நீ கொஞ்சம் தள்ளி நில்லுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கும் மறுநாளும் ராத்திரி அழுதுட்டேன். பயிற்சி செய்யல. அந்த ரெண்டு நாள் அழுததாலயா மேடம்?"

பீட்டா 1.2 வந்திருந்தது, அதாவது கரு தங்கவில்லை. அவருக்கு அது இரண்டாவது தோல்வி.

"சேச்சே, அதனால எல்லாம் இல்லம்மா" என்றேன். யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. பதில் தப்பில்லை, ஆனால் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அடுத்த நொடியே, கம்பத்திலிருந்து வருகிற ஒரு அக்கா, குரூப்பிலேயே மூத்தவர், கேட்டார்: "பின்ன எதுக்கு மேடம் டிக் போடச் சொன்னீங்க?"

எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க நல்லா இருக்கணும்னுதான்" என்று ஏதோ சொன்னேன். கம்பத்து அக்கா சிரித்தார். குத்தலாகச் சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சிரித்தார். "அப்ப இதுவும் அரச மரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பாத்த கதைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நோட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை குரூப் நன்றாகவே போனது என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

(அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சை மட்டும் எனக்கு நினைவிருக்கிறபடியே எழுதுகிறேன்.)

இதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இது விடமாட்டேன் என்கிறது. முதல் வாரம், புதிதாக வருகிறவர்களோடு மாமியாரோ கணவரோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் வைத்துக்கொண்டுதான் பேசுவேன். அப்போது ஒரு வாக்கியம் சொல்வது வழக்கம்: "மனசு அமைதியா இருந்தா சிகிச்சைக்கு உடம்பு நல்லா ஒத்துழைக்கும்." இதைச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற வீட்டில், வாராவாரம் தேனியிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போவதற்கு அனுப்புவார்களா? "அங்க போய் உக்காந்து கதை பேசினா வயித்துல நிக்குமா?" என்று ஒரு மாமனார் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். மருமகள் நிம்மதியாகத் தூங்குவதற்காக என்று சொன்னால் அந்த வீடுகளில் எடுபடாது. குழந்தைக்காக என்றால் உடனே எடுபடும். எனவே அதையே சொன்னேன்.

சரி, பொய் சொன்னேனா? அங்கேதான் சிக்கல். 2000-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆலிஸ் டோமரின் குழு 184 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. குழுவாக உட்கார்ந்து மனப்பயிற்சி செய்தவர்களில் 55 சதவீதமும், குழுவாகப் பேசி ஆதரவு தந்துகொண்டவர்களில் 54 சதவீதமும் கருத்தரித்தார்கள், எதிலும் சேராதவர்களில் 20 சதவீதம்தான். இந்த எண்ணைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் குரூப்புக்கு அறை வாங்கினேன். 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் கவுன்சலிங் தர வேண்டும் என்கிறது, ஆனால் நடைமுறையில் அது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடலாம். சனிக்கிழமை தோறும் நாற்காலி போட்டு எட்டுப் பேரை உட்கார வைக்க அறை வேண்டுமென்றால் 55-க்கு 20 என்ற மாதிரி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அந்த ஆய்வில் நிறையப் பேர் பாதியில் விலகிவிட்டார்கள், அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதும் எனக்கு அப்போதே தெரியும். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜாக்கி பொய்வின் குழுவினர் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சிகிச்சைக்கு முந்தைய பதற்றமும் மனச்சோர்வும் ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) முடிவை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று எழுதியதையும் படித்திருந்தேன். இரண்டு ஆய்வும் தெரியும். அறை கேட்கிற இடத்தில் முதலாவதைச் சொன்னேன், நோட்டைத் திருப்பி வைத்தவரிடம் இரண்டாவதைச் சொன்னேன். "சேச்சே" என்று அவ்வளவு சுலபமாக வந்ததற்கு அந்த 3,583 பேர்தான் தைரியம்.

இன்னும் ஒன்று, வீட்டுக்குப் போய் ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஆய்வு பார்த்தது சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் இருந்த மனநிலையை. ஒன்பதாம் நாள் ராத்திரியின் அழுகையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பல தோல்விகளுக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம், அவருடைய 34 வயதில் அது இன்னும் கூடும், இரண்டு நாள் அழுகைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அப்ப என் முட்டைதான் கோளாறா" என்று கேட்டிருப்பார். எந்தப் பக்கம் போனாலும் அவரிடமே வந்து முடிகிறது. அவர் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு என்பது அந்த வீட்டில் கணவன் மனைவி இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. குரூப்பில் மூன்றாவது வாரம், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தள்ளி நில் என்று சொன்ன அத்தைக்கும் தெரியாது.

இவ்வளவு எழுதிவிட்டுக் குரூப்பே வீண் என்று சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதை முதல் வாரமே சொல்வேன். யாரும் நம்ப மாட்டார்கள். "எங்க தெருவுல அறுபது வீடு மேடம், நான் ஒருத்திதான்" என்றார் ஒருவர். அதே ஆள் நாலாவது வாரம், "என்ன, ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார் ("இருக்கு, அடுத்த மாசம் கேஸ் சிலிண்டர் விலை ஏறுது"). வளைகாப்புக்குப் போகாமலிருக்கச் சொல்கிற சாக்குகளை ஆளுக்கொன்றாகச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். அதற்கு என் நோட்டு தேவைப்படவில்லை, என் மூச்சுப்பயிற்சியும் தேவைப்படவில்லை. சிலசமயம் நானே தேவைப்படவில்லை. குரூப் முடிந்ததும் எதிரே டீக்கடையில் இன்னொரு மணி நேரம் நிற்பார்கள்.

அப்படியென்றால் டிக் எதற்கு? யோசித்துப் பார்த்தால், அது எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. நான் ஏதோ செய்கிறேன் என்று காட்ட. சஷ்டி விரதம் ஒரு வேளை தப்பினால், திருக்கருகாவூர் நெய் ஒருநாள் விட்டுப்போனால், அதனால்தான் ஆகவில்லை என்று நினைக்கிற பெண்களிடம் தப்பவிடக்கூடாத இன்னொன்றையும் கொடுத்தேன். கம்பத்து அக்கா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இல்லை, இதுவும் முழுக்க நியாயமில்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தூங்கினவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நோட்டுக்காரரே அந்த 12 நாளில் எட்டு நாள் தூங்கினேன் என்றார், போனமுறை ஒரு நாள்கூடத் தூங்கவில்லையாம்.

அன்றைக்குக் கிளம்பும்போது நோட்டை மூடி, பிளாஸ்டிக் உறையில் ஸ்கேன் பேப்பர்களோடு சேர்த்து, பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருந்தாலோ என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாலோ எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கப்புறம் இரண்டு வாரம் வந்தார். பிறகு வரவில்லை. வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரி பார்க்கிறார்கள் என்று கேள்வி. போன் செய்யலாமா என்று பலமுறை எடுத்து வைத்துவிட்டேன். செய்தால் எதற்குச் செய்கிறேன்? அவருக்காகவா, அந்த "சேச்சே"யைத் திருத்திச் சொல்லிவிட்டு நான் தூங்கவா?

நோட்டில் இப்போது கட்டங்கள் இல்லை, வெறும் கோடு போட்ட தாள்தான். இரண்டாவது வாரமே, மாமியார்கள் இல்லாதபோது, "அழுதாலும் சிரிச்சாலும் கருவுக்குத் தெரியாதும்மா, இது உங்களுக்காக" என்று சொல்லிவிடுகிறேன். முதல் வார வாக்கியத்தைத்தான் மாற்ற முடியவில்லை. போன மாதம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு மாமியார் வந்திருந்தார். மருமகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, "இதுல வந்து உக்காந்தா நிக்குமா தாயி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வைத்தியத்தோட இதுவும் சேர்ந்தா நல்லதும்மா" என்றேன்.

எதுக்கு நல்லது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருமகள் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார்.